ஒரே ரத்தத்தில் இரண்டு டெங்கு: ஜெல் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

"டெங்கு பாசிட்டிவ்" என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் தட்டணுக்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எந்த டெங்கு என்று யாரும் கேட்பதில்லை. நோயாளிக்கு அது அவசரமும் இல்லை; எந்த வகை வந்தாலும் நீர்ச்சத்து, பாராசிட்டமால், கண்காணிப்பு என்று அதே சிகிச்சைதான். ஊருக்குள் எத்தனை வகை சுற்றுகிறது என்று பார்க்கும் ஆய்வகத்துக்குத்தான் அந்தக் கேள்வி. லேப் டெக்னீஷியன் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: நான்கு வகை

டென்-1 முதல் டென்-4 வரை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டும் நீண்டகால எதிர்ப்புச் சக்தி; மற்ற மூன்றுக்கும் சில மாதப் பாதுகாப்புதான். நான்கும் ஒரே ஊரில் சுற்றுவது இன்று நேற்று நடப்பதல்ல. 1968-ல் வேலூரில் நோயாளிகளிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் நான்கு வகைகளையும் பிரித்தெடுத்திருக்கிறார்கள்.

படி 2: இரண்டு சொற்களைக் குழப்பாதீர்கள்

முன்பு ஒரு வகை வந்துபோய், இப்போது வேறொரு வகை வந்தால் அது இரண்டாம் தொற்று. பழைய எதிர்ப்புப் புரதங்களே புது வைரஸ் செல்லுக்குள் நுழையத் துணைபோகும் என்பதால் இதில் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல். ஒரே சமயத்தில் இரண்டு வகையும் ரத்தத்தில் இருந்தால் அது கலப்புத் தொற்று. ஐஜிஜி (தொற்று போன பின்னும் நெடுநாள் ரத்தத்தில் தங்கும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்றதும் "ரெண்டு டெங்கு சார்" என்று ஓடிவருபவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. ஐஜிஜி பழைய கதையைத்தான் சொல்லும்.

கலப்பு எப்படி வருகிறது? ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. கடிபடுபவர் கையை அசைத்தால் பறந்துபோய்ப் பக்கத்தில் இருப்பவரைக் கடிக்கும். ஒரு வயிறு நிரம்புவதற்குள் பல பேரிடம் குடித்துவிடும். இரு வகையும் சுமக்கும் ஒரே கொசு கடித்தாலும் சரி, அடுத்தடுத்து இரண்டு கொசுக்கள் கடித்தாலும் சரி, கலப்பு வரலாம். 1982-ல் போர்ட்டோ ரிக்கோவில் ஒரே நோயாளியிடம் டென்-1, டென்-4 இரண்டையும் கண்டார்கள்.

படி 3: எத்தனையாவது நாள் ரத்தம்?

மாதிரிக் குழாயைக் கையில் எடுத்ததும் இதைத்தான் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்து ஐந்து நாளுக்குள் என்றால் ஆர்டி-பிசிஆர் செய்யலாம்; வைரஸின் ஆர்என்ஏ-வை டிஎன்ஏ-வாக மாற்றிப் பல மடங்கு பெருக்கும் சோதனை அது. அதற்குப் பிறகு வைரஸ் குறைந்து, புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஎம் ஏறும். வழக்கமான ஐஜிஎம் சோதனையில் வகை தெரியாது.

படி 4: பட்டைகளைப் படியுங்கள்

1992-ல் லான்சியாட்டி குழுவினர் வெளியிட்ட, இரண்டு சுற்றாகப் பெருக்கும் ஆர்டி-பிசிஆர் முறையையே எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் எந்த வகையானாலும் 511 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளத் துண்டு. இரண்டாம் சுற்றில் வகைக்கு ஒரு நீளம்: டென்-1-க்கு 482, டென்-2-க்கு 119, டென்-3-க்கு 290, டென்-4-க்கு 392.

இந்தத் துண்டுகளை ஜெல்லில் விட்டு மின்சாரம் செலுத்தினால் நீளவாரியாகப் பிரிந்து பட்டைகளாகத் தெரியும். சின்னத் துண்டு வேகமாக ஓடும். ஆகவே மேலிருந்து கீழே 1, 4, 3, 2 என்று வரும். இந்த வரிசையை நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள். ஓரத்தில் ஓடும் லேடரோடு (நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை) ஒப்பிட்டு நீளத்தைக் கணியுங்கள். ஒரே குழியிலிருந்து கீழே ஓடிய தடத்தில் 290-லும் 119-லும் பட்டை தெரிந்தால் டென்-3, டென்-2 கலப்பாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன். முதல் சுற்றின் 511 துண்டு மிச்சமிருந்தால் 482-க்கு மேல் ஒட்டினாற்போல் நிற்கும். ஜெல் போதிய நேரம் ஓடாவிட்டால் அதை டென்-1 என்று எண்ணிவிடுவோம். கீழே, பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகள்) ஒன்றோடொன்று ஒட்டி உண்டாகும் மங்கல் கறை 119-க்கு அருகிலேயே கிடக்கும். அது டென்-2 போலவே கண்ணைக் கட்டும்.

படி 5: சந்தோஷப்படும் முன் நெகடிவ் கண்ட்ரோல்

ஆரம்ப காலத்தில் ஒரே ஜெல்லில் மூன்று கலப்புத் தொற்று கிடைத்ததாக நான் துள்ளிக் குதித்தேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒன்றும் பேசாமல் கடைசித் தடத்தைக் காட்டினார். மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட நெகடிவ் கண்ட்ரோல் குழியிலும் அதே 290 பட்டை! முதல் சுற்றுக் குழாயைத் திறந்த அதே மேசையிலேயே இரண்டாம் சுற்றையும் கலந்திருந்தேன்; அங்கிருந்த துண்டுகள் மற்றக் குழாய்களிலும் கலந்துவிட்டன. அன்றிலிருந்து எனக்கு இரண்டு மேசை, இரண்டு செட் பிப்பெட். கலப்பு என்று தோன்றினால் அதே ரத்தத்திலிருந்து ஆர்என்ஏ-வைப் புதிதாக எடுத்து மறுபடி ஓட்டுங்கள். முடிந்தால் சீக்வென்ஸிங் (டிஎன்ஏ எழுத்து வரிசையைப் படிப்பது) செய்து உறுதிப்படுத்துங்கள்.

படி 6: ஆளை எண்ணுங்கள், வகையையும் எண்ணுங்கள்

டெல்லியில் 2006-ல் வந்த பரவலை வைத்துப் பழகலாம். ஆய்வுக்கு எடுத்த 69 மாதிரிகளில் 48 பாசிட்டிவ். நான்கு வகையும் இருந்தன, டென்-3 அதிகம். 48-ல் 9 பேருக்குக் கலப்பு, அதாவது 19 சதவீதம் போல. வகைவாரியாகக் கூட்டினால் 48 வராது, குறைந்தது 57 வரும். கூட்டல் தப்பு என்று யாரோ ஒருவரை அழிக்கப் போகாதீர்கள். அட்டவணையில் நோயாளிக்கு ஒரு பத்தி, கண்டுபிடித்த வகைகளுக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாகப் போடுங்கள்.