வீடு விற்கணுமா? விளம்பரத்தை எந்தத் தளத்தில் போடுவது

கிடைக்கிற தளத்தில் எல்லாம் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம், இரண்டு இடம் போதும். எந்த இரண்டு என்பது உங்கள் வீட்டை யார் வாங்குவார்கள் என்பதைப் பொறுத்தது.

1. முதலில் வாங்குகிறவர் மாதிரி தேடிப் பாருங்கள்

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஹவுசிங்.காம், நோபுரோக்கர் என்ற நான்கு வீடு விற்பனைத் தளங்களையும் திறந்து, உங்கள் ஏரியா, எத்தனை பெட்ரூம், நீங்கள் எதிர்பார்க்கும் விலை எல்லாம் கொடுத்துத் தேடுங்கள். எத்தனை விளம்பரம் வருகிறது என்பதோடு நிற்காமல், எப்போது போட்டது, போட்டது உரிமையாளரா ஏஜென்ட்டா என்றும் பாருங்கள். சென்னையில் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட் என்றால் பக்கம் பக்கமாக வரும். புதிதாகப் போட்ட விளம்பரங்கள் எந்தத் தளத்தில் அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் தனி வீடு, தேடினால் நாலைந்து பழைய விளம்பரம்தான் வருகிறது என்றால் அங்கே காசு கொடுத்துப் போடுவது வீண். அந்த வீட்டை வாங்கப்போகிறவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், இல்லையென்றால் ஊரை விட்டுப் போய் வெளியூரில் சம்பாதிப்பவர். அவர்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் ஃபேஸ்புக் குழுவிலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான் இருப்பார்கள். கூடவே ஓஎல்எக்ஸ், அப்புறம் வாசலில் ஒரு போர்டு. போர்டை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

2. புரோக்கர் வேண்டுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்

நோபுரோக்கர் பெயருக்கு ஏற்றபடி உரிமையாளர்களுக்கானது. மற்றவற்றில் ஏஜென்ட்டுகளும் போடலாம். நீங்கள் உரிமையாளர் என்றே போட்டாலும் "சார், பார்ட்டி ரெடியா இருக்கு" என்று போன் வரத்தான் செய்யும். கமிஷன் கொடுக்கச் சம்மதம் என்றால், எவ்வளவு என்பதை வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இதற்கென்று தனி சிம் ஒன்று வைத்துக்கொண்டால் நல்லது.

3. இலவசமாகத் தொடங்குங்கள்

போட்ட கொஞ்ச நேரத்திலேயே காசு கட்டும் பேக்கேஜ் வாங்கச் சொல்லித் தளத்திலிருந்து கூப்பிடுவார்கள். இரண்டு வாரம் பொறுங்கள். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறதா என்பதுதான் கணக்கு, எத்தனை பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்பது இல்லை. போன் வருகிறது, விலையைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள் என்றால் பிரச்சினை தளத்தில் இல்லை, விலையில்.

4. விவரம்

ஃப்ளாட் என்றால் கார்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் இடம்), யூடிஎஸ் (மனையில் உங்கள் பங்கு) இரண்டையும் எழுதுங்கள். சிஎம்டிஏ (சென்னைப் பகுதி) அல்லது டிடிசிபி (மற்ற இடங்கள்) என்ற அரசு அமைப்பின் அப்ரூவல், பட்டா, தண்ணீர் எப்படி, கார் பார்க்கிங் உண்டா என்பதும் வேண்டும். இரண்டு தளத்திலும் ஒரே விலை. பத்திரத்தைப் படம் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வில்லங்கச் சான்றை பதிவுத்துறை இணையதளத்தில் வாங்க நினைப்பவர்களே பார்த்துக்கொள்ளலாம், நிஜமாக வாங்க வருபவருக்குப் பத்திர நகலை நேரில் காட்டினால் போதும்.

5. பணம் அனுப்புகிறேன் என்பவர்கள்

வீட்டைப் பார்க்காமலே "டோக்கன் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். அதைக் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, அட்வான்ஸ் வாங்கி அக்ரிமென்ட் போட்டாச்சு என்றால் அன்றைக்கே இரண்டு விளம்பரத்தையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பத்திரப்பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் யாராவது "கடைசி விலை என்ன சார்" என்று கேட்பார்கள்.