எட்டுப் பக்கப் படப்புத்தகம்: பாட்டி கப்பலில் வந்த கதையைக் குழந்தைக்குச் சொல்வது எப்படி?

நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளைச் சக பிள்ளைகள் 'சிலோன்காரன்' என்று கேலி செய்வதுண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றை ஐந்து வயதுக் குழந்தைக்கும் சொல்ல முடியும். ஒரே ஒரு ஏ4 தாள் போதும்.

முதலில் நீங்கள் தெளிவாகுங்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தத்தின்படி, இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. இலங்கையின் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேசுவரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து பலர் நீலகிரிக்கு. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்). இவ்வளவும் உங்களுக்காக மட்டும். புத்தகத்தில் ஓர் எண்கூட வேண்டாம்.

அடுத்து, கதையைச் சுமக்க ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பாட்டியின் டிரங்குப் பெட்டி நல்ல தேர்வு.

தாளை மூன்று முறை பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். அகலவாக்கில் பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்கு வெட்டுங்கள். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகம் ஆகிவிடும்: முன்னட்டை, ஆறு உள்பக்கங்கள், பின்னட்டை.

இனி எழுத்து. பக்கத்துக்கு ஒரு வரிதான். படம் காட்டுவதை வரி திரும்பச் சொல்லக் கூடாது. கப்பலில் சிறுமியாக இருந்த பாட்டி, கரையில் அவருடைய தாத்தா என்று வரையுங்கள். கீழே "பெட்டியில் இன்னும் இடம் இருந்தது" என்று மட்டும் எழுதுங்கள். "தாத்தா ஏன் வரவில்லை?" என்று குழந்தையே கேட்கும். அப்போது உண்மையைச் சொல்லுங்கள்: ஒரே குடும்பத்தில் சிலருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது, சிலர் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. அந்த வயதுக்குப் புரிகிற மாதிரி, "யார் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று பெரிய அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். அது தாத்தாவின் தவறும் இல்லை, பாட்டியின் தவறும் இல்லை" என்றால் போதும்.

'பாவம்' என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள். இரக்கத்துக்குரியவளாகக் காட்டப்படும் பிள்ளை வகுப்பில் இன்னும் தனியாகிவிடும்.

ஆறாம் உள்பக்கம் வகுப்பறை. கேலி செய்தவர்கள் உடனே திருந்தி நண்பர்களாகும் முடிவை நான் ஏற்பதில்லை. வாழ்க்கையில் அப்படி நடக்காத குழந்தைக்கு அது பொய்யாகவே படும். "ஆமாம், எங்கள் பாட்டி கப்பலில் வந்தார்" என்று கதையில் கேலிக்கு ஆளான பேத்தி நிமிர்ந்து சொல்லட்டும்.

வாசிக்கும் முன், கப்பலில் வந்த ஒரு பெரியவரிடம் புத்தகத்தைக் காட்டுங்கள். பெட்டியில் உண்மையில் என்ன இருந்தது என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். தேவையானால் படத்தை மாற்றி வரையுங்கள். வகுப்பில் வாசிக்கும்போது அந்தப் பின்னணியுள்ள குழந்தையைப் பார்த்தபடி வாசிக்காதீர்கள். தானாகப் பேச வந்தால் பேசட்டும். பின்னட்டையை வெறுமையாக விடுங்கள். தன் வீட்டிலிருந்து ஊர் மாறி வந்த ஏதாவது ஒரு பொருளை ஒவ்வொரு பிள்ளையும் அதில் வரையலாம்.