தாயப் பையும் துணி அஞ்சாங்கல்லும்: பிள்ளையின் தோழிக்குக் கையால் ஒரு பிறந்தநாள் பரிசு

பள்ளிக்கூடத்தில் ஃபிரெண்டுக்குப் பிறந்தநாள் என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு நாள் முன்னால்தான் வந்து சொல்லும். மாதக் கடைசியாக வேறு இருக்கும். கடைக்குப் போனால் கைக்கு அடக்கமான விலையில் கிடைப்பது பிளாஸ்டிக் பொம்மைதான். ஒரே வாரத்தில் சக்கரம் கழன்று கட்டிலுக்கடியில் போய்விடும். நான் திருப்பூரில் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று தைத்தது போக மிஞ்சும் துணி எப்போதும் ஒரு பை நிறையக் கிடக்கும். அதை வைத்து என் மகளின் தோழிகளுக்குச் செய்து கொடுப்பவற்றை இங்கே சொல்கிறேன். மெஷின் இல்லாதவர்கள் கைத்தையலிலேயே செய்யலாம், கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். தெரிந்த தையல்காரரிடம் கேட்டால் வெட்டுத்துணி கொடுப்பார்கள்.

எதைச் செய்தாலும் நான் முதலில் பார்ப்பது, கொடுக்கிற பிள்ளையும் வாங்குகிற பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து விளையாட முடியுமா என்பதை. பரிசைப் பிரித்த கையோடு "வா, ஒரு ஆட்டம் போடலாம்" என்று கூப்பிடத் தோன்ற வேண்டும். அடுத்தது, பொருள் பார்வைக்குப் புதிதாக இருக்க வேண்டும். மிச்சத் துணிதானே என்று கறை பட்டதையும் சாயம் போனதையும் எடுக்காதீர்கள். துவைத்து, இஸ்திரி போட்டு, அதற்கப்புறம்தான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும். மற்ற பிள்ளைகள் எல்லோரும் பளபளக்கும் பெட்டியோடு வந்திருக்கும்போது நம் பிள்ளை கூசாமல் நீட்ட வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் இத்தனை கவனமும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தாயப் பை. விரித்தால் தாயக்கட்டம், நாடாவை இழுத்தால் சுருக்குப் பை. காயும் கொட்டையும் உள்ளேயே கிடக்கும், தனிப் பெட்டி தேவையில்லை.

இதற்கு இரண்டு வட்டத் துணி வேண்டும். ஒன்று வெளிர் நிறத்தில், கட்டம் போட; இன்னொன்று வெளிப்பக்கத்துக்கு, பூப்போட்டதோ அடர்நிறமோ. பனியன் துணி வேண்டாம், அது இழுபட்டு கட்டம் கோணிப்போகும். நெய்த பருத்தித் துணி, ரவிக்கைத் துணி மாதிரி இருந்தால் போதும். வட்டத்தின் குறுக்களவு 38 செ.மீ. அவ்வளவு பெரிய தட்டு வீட்டில் இருக்காது. அதனால் ஒரு நூலில் பென்சிலைக் கட்டி, பென்சில் முனையிலிருந்து 19 செ.மீ. தூரத்தில் நூலை விரலால் துணியின் நடுவில் அழுத்திக்கொண்டு சுற்றி வரையுங்கள்.

வெளிர் துணியின் நடுவில் 20 செ.மீ. சதுரம் போட்டு, 4 செ.மீ.க்கு ஒரு கோடு இழுத்தால் ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம் வரும். நான்கு பக்கமும் நடுக்கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி, நட்ட நடுவில் ஒன்று. அழியாத மார்க்கர் பேனாவால் போடலாம். நான் கறுப்பு நூலில் ஓடுதையல் போட்டுவிடுவேன், துவைத்தாலும் போகாது. கோடு இழுக்கும் வேலையை மகளிடம் விட்டுவிடுவேன். ஸ்கேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி இழுப்பாள்.

வெளித்துணியில், ஓரத்திலிருந்து 3¼ செ.மீ. உள்ளே, எதிரெதிராக இரண்டு இடத்தில் சின்னதாகக் காஜா, அதாவது பட்டன் துளை, எடுக்க வேண்டும். நாடா வெளியே வர வழி அதுதான். இதைத் துணிகளைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள், அப்புறம் கை நுழையாது. காஜா எடுக்கத் தெரியாவிட்டால் சின்னதாக வெட்டி, நூல் பிரியாமல் சுற்றிலும் நெருக்கமாகத் தைத்தாலும் சரி.

இப்போது இரண்டு துணியின் நல்ல பக்கமும் உள்ளே பார்க்க ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, 1 செ.மீ. விட்டுச் சுற்றித் தையுங்கள். நான்கு விரல் நுழையும் அளவுக்கு ஒரு இடத்தில் திறப்பு விடுங்கள். தையலுக்கு வெளியே உள்ள துணியில் ஆங்காங்கே சின்னச் சின்ன வெட்டு கொடுத்தால்தான் திருப்பும்போது வட்டம் சுருங்காமல் வரும்; வெட்டு தையலைத் தொட்டுவிடக் கூடாது. திறப்பு வழியாகத் திருப்பி, திறப்பை மூடித் தைத்து, நன்றாக இஸ்திரி போடுங்கள். அப்புறம் ஓரத்திலிருந்து 1½ செ.மீ. உள்ளே ஒரு தையல், 3 செ.மீ. உள்ளே ஒரு தையல், சுற்றி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நாடா ஓடும். ஓரத்தில் 1 செ.மீ. முதல் தையலுக்குள் போய்விட்டதால் காஜா இரண்டும் அதற்குள் வந்து நிற்கும்.

சாதாரண பாவாடை நாடா போதும். ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டராக இரண்டு துண்டு. நுனியில் ஊக்கைக் குத்தி, ஒரு காஜாவில் நுழைத்து, முழுச் சுற்று சுற்றி, அதே காஜாவில் வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். அடுத்த நாடாவை எதிர்க் காஜாவில் அதே மாதிரி. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பை வாய் மூடிக்கொள்ளும்.

உள்ளே போட, நான்கு நிறத்தில் நான்கு நான்கு பட்டன், மொத்தம் 16. தாயக்கட்டைக்குப் பதில் நான்கு புளியங்கொட்டை. அதன் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான சிமென்ட் தரையில், இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரசினால் தோல் போய் வெள்ளை தெரியும். தண்ணீர் இல்லாமல் உரசினால் கொட்டை சூடேறிவிடும். நாங்கள் சின்ன வயதில் அதைப் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து அலற விட்டது உண்டு. இந்த வேலையை முழுக்கப் பிள்ளையிடம் கொடுங்கள். தோழிக்காகத் தானே உரசிய கொட்டை என்று சொல்லிக் கொடுப்பதில் அதற்கு ஒரு பெருமை இருக்கும்.

இன்றைக்கு நிறையப் பிள்ளைகளுக்குத் தாயம் ஆடத் தெரியாது. அதனால் ஒரு அட்டையில் விதியை எழுதி உள்ளே வையுங்கள். ஒரு வெள்ளை தெரிந்தால் தாயம், அதாவது ஒன்று. இரண்டு தெரிந்தால் இரண்டு. மூன்று தெரிந்தால் மூன்று. நான்கும் வெள்ளையென்றால் நான்கு. எல்லாம் கவிழ்ந்து கறுப்பாக விழுந்தால் எட்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அவரவர் பக்கத்துப் பெருக்கல் குறியில் இறங்கி, வெளிச்சுற்று 16 கட்டமும் ஒரு திசையில் சுற்றி, பிறகு உள்சுற்று 8 கட்டத்தை எதிர்த்திசையில் சுற்றி, நடுக்கட்டத்தில் ஏறினால் பழம். குறி போட்ட கட்டத்தில் இருக்கும் காயை வெட்டக் கூடாது. வீட்டுக்கு வீடு விதி மாறும். அந்த வீட்டுப் பாட்டி வேறு மாதிரி சொன்னால் பாட்டி சொல்வதுதான் சரி என்றும் கடைசியில் எழுதச் சொல்வேன்.

இவ்வளவு நேரம் இல்லையென்றால் துணி அஞ்சாங்கல் செய்யுங்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும். கூழாங்கல்லில் ஆடினால் மாடி வீட்டில் டொக் டொக்கென்று சத்தம் கேட்கும், கீழ்வீட்டுக்காரர் வந்து நிற்பார். துணிக்கல்லில் அந்தத் தொல்லை இல்லை, விரல் முட்டியிலும் அடிபடாது.

9 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஐந்து துண்டு வெட்டுங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருந்தால் அழகு. நீளத்தை இரண்டாக மடித்து, நல்ல பக்கம் உள்ளே இருக்க, ½ செ.மீ. விட்டுப் பக்கவாட்டில் ஒரு தையல், அடியில் ஒரு தையல். திருப்பினால் சின்னப் பை. அதில் ஒரு டீஸ்பூன் கேழ்வரகு போடுங்கள். வாயை மூடும்போதுதான் விஷயமே இருக்கிறது: அடித்தையல் ஓடுகிற திசையிலேயே மூடினால் தட்டையான தலையணையாகிவிடும். பக்கத் தையலை நடுவுக்குக் கொண்டுவந்து, அடித்தையலுக்குக் குறுக்காக வாயை மடித்து மூடுங்கள். நான்கு மூலையோடு சமோசா மாதிரி நிற்கும். உருளாது, எடுக்கவும் வாகாக இருக்கும். விரல் விட்டு அழுத்தினால் தானியம் உள்ளே நகர வேண்டும், கெட்டியாக அடைத்தால் கையில் நிற்காமல் துள்ளும்.

கேழ்வரகைப் போடுவதற்கு முன் வெறும் வாணலியில் லேசாக வறுத்து நன்றாக ஆற விடுங்கள், வண்டு வராது. தையல் பொடிப்பொடியாக, நெருக்கமாக இருக்கட்டும். கேழ்வரகு சந்து கிடைத்தால் வெளியே வந்துவிடும். தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று வாங்குகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

துணியே வேண்டாம் என்பவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை இருக்கிறதே. அந்தக் கெட்டி அட்டையை ஒரே அளவில் 20 துண்டாக வெட்டி, பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பழுப்புத் தாள் ஒட்டி, முன்பக்கம் பத்து படத்தை இரண்டிரண்டாகப் பிள்ளையை வரையச் சொல்லுங்கள். கவிழ்த்து வைத்து ஜோடி தேடும் ஆட்டம். தோழியின் நாய்க்குட்டி, அவள் சைக்கிள், வகுப்பு மின்விசிறி என்று அவர்கள் இருவருக்கும் தெரிந்ததை வரைந்தால் கடையில் எங்கும் கிடைக்காத சீட்டாகிவிடும். சாமி படம் உள்ள பக்கத்தை மட்டும் வெட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள், சிலருக்கு மனசு சங்கடப்படும்.

பிறந்தநாள் கொண்டாடுவது நான்கைந்து வயதுப் பிள்ளையென்றால் பிசையும் மாவு நல்லது. மைதா ஒரு கப், பொடியுப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன். கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும். ஆறியதும் பிசைந்து, பிரித்து, உணவு நிறம் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். மஞ்சள்தூள் வேண்டாம், சட்டையெல்லாம் கறையாகும். காற்றுப் புகாத டப்பாவில் கொடுங்கள். உப்பு அதிகம், வாயில் வைக்கக் கூடாது என்று டப்பா மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே தம்பி தங்கை உள்ள வீடு என்றால் பட்டனும் புளியங்கொட்டையும் போகிற பரிசு வேண்டாம், எடுத்து விழுங்கிவிடும். அந்த வீட்டுக்குச் சீட்டுதான் சரி. தாயப் பை கொடுத்தால் இரண்டு புளியங்கொட்டையும் நிறத்துக்கு ஒரு பட்டனும் கூடுதலாகப் போட்டுக் கொடுங்கள், எப்படியும் ஒன்றிரண்டு தொலையும்.