குளிர் ஊர்ல லஞ்ச் பாக்ஸ் கட்டும்போது நாம பண்ற தப்புங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பசங்க டப்பா பாதி சாப்பாட்டோட திரும்பி வந்தா உடனே "இவனுக்கு காய்கறியே ஆகாது"ன்னு முடிவு கட்டிடறோம். பாதி நேரம் காய் மேல தப்பு இல்லைங்க. காலைல ஏழு மணிக்கு கட்டின சாதம் மதியம் திறக்கும்போது விறைச்சு கட்டியா கெடக்கும், அத நம்மளே தின்ன மாட்டோம்.

முதல் தப்பு எண்ணெய்ல. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைய ஆரம்பிச்சுடும், நெய்யும் அப்படித்தான், நம்ம ஊர்ல வருஷத்துல முக்காவாசி நாள் அந்த குளிர் இருக்கு. பொரியல் மேல வெள்ளையா படிஞ்சு வாய்ல மெழுகு மாதிரி ஒட்டும், குழந்தை அப்படியே மூடி வச்சிடும். டப்பாவுக்கு போறத நல்லெண்ணெய், கடலை எண்ணெய்ல தாளிச்சிடுங்க. ஹாட் பாக்ஸ் வாங்கிட்டா போதும்னும் இல்ல, முதல்ல கொதிக்கிற தண்ணிய ஊத்தி அஞ்சு பத்து நிமிஷம் மூடி வச்சு, கொட்டிட்டு, ஆவி பறக்கிற சாப்பாட்ட நிறைய வைக்கணும். பாதி டப்பா காலியா இருந்தா சீக்கிரம் ஆறிடும். வெதுவெதுன்னு மணிக்கணக்கா கிடக்கிற சாதம் ஆறின சாதத்த விட மோசம், கிருமி பெருகறது அந்த சூட்டுலதான். ஹாட் பாக்ஸ் இல்லையா, ஆறினாலும் ருசியா இருக்கற இட்லி பொடி, சப்பாத்தி, சுண்டல்னு போங்க.

அடுத்தது எல்லா பசங்களுக்கும் ஒரே கரண்டி அளவு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 கணக்குல 4-6 வயசுக்கு ஒரு நாளைக்கு 1360 கலோரி, 13-15 வயசு பையனுக்கு 2860, ரெண்டு மடங்குக்கு மேல! எல்.கே.ஜி குழந்தைக்கு வயிறு சின்னது, சாதத்த அமுக்கி வைக்காம கொஞ்சமா பருப்பு சாதம், முட்டைன்னு குடுங்க. முழு வேர்க்கடலை, முழு திராட்சை வேண்டவே வேண்டாம், தொண்டைல அடைச்சுக்கும், பச்சை கேரட்ட துருவிடுங்க. அப்புறம் மூடிய குழந்தையால தனியா திறக்க முடியுதான்னு வீட்டுலயே ஒரு தடவை பாருங்க, இறுக்கமான எவர்சில்வர் டப்பாவோட மல்லுக்கட்டியே லஞ்ச் டைம் போயிடும்.

10-12 வயசுல பையனுக்கு ஒரு நாளைக்கு இரும்புச்சத்து 16 மில்லிகிராம்னா பொண்ணுக்கு 28. ஆனா பொண்ணுக்குத்தான் "கம்மியா வை, குண்டாயிடுவா"ன்னு நாமளே சொல்றோம், எனக்கு இத கேட்டாலே கோவம் வரும். இதுல டீ ஊரு வேற, ஃபிளாஸ்க்ல டீ குடுத்து அனுப்பறாங்க, சாப்பாட்டோட டீ குடிச்சா கீரைல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளி குடிக்கட்டும், டப்பால கொய்யாவோ நெல்லிக்காவோ ரெண்டு துண்டு வைங்க, அது இரும்புச்சத்து சேர உதவும்.

நம்ம ஊரு கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் நல்லதுதான், ஆனா சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல்னா மாவுச்சத்துக்கு மாவுச்சத்து, பருப்பு, பயறு எங்க? அவரை சீசன்ல பச்சை அவரைக்கொட்டைய விட்டுடாதீங்க. ஒண்ணு மட்டும், ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், சும்மா பாத்திரத்துல பயறு லேசுல வேகாது. ராத்திரியே ஊற வச்சு, குக்கர்ல ரெண்டு மூணு விசில் கூடவே விடுங்க. ராஜ்மா அரைவேக்காடா இருந்தா வாந்தியே வரும்.

கேப்பைல கால்சியம் நிறைய, 100 கிராம்ல 340 மில்லிகிராம் கிட்ட இருக்கு, களி டப்பால சரிப்படாது, அடையா, புட்டா குடுங்க. ஸ்நாக்ஸுக்கு தினமும் வர்க்கி (நம்ம ஊரு பேக்கரி மொறுமொறு பிஸ்கட்) வேண்டாம், மைதாவும் கொழுப்பும்தான், லீவு நாள்ல டீயோட சாப்பிடட்டும்.

கவர்ன்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கு சத்துணவுல முட்டையோட சூடா சாப்பாடு கிடைக்குது, அத கௌரவக் குறைச்சல்னு நினைச்சு வெறும் புளி சாதம் கட்டி விடறவங்க இருக்காங்க, எனக்கு இது புரியவே இல்ல.

தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருதா? குளிர்ல தாகமே தெரியாது, மலச்சிக்கல், தலைவலின்னு வந்து நிக்கும். சில்லுனு இருக்கறதாலயும் தொட மாட்டாங்க, ஃபிளாஸ்க்ல வெந்நி குடுத்து பாருங்க, குடிச்சிடுவாங்க.