அபராதச் சீட்டும் அறமும்: 'டிமாலிஷன் மேன்' படத்தைப் பேசுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் எங்கள் தமிழ் நண்பர் வட்டம், இம்முறை 1993இல் வெளியான 'டிமாலிஷன் மேன்' படத்தைப் பார்த்தது. 1996இல் கைதிகளின் உடலை உறையவைத்து அடைக்கும் உறைநிலைச் சிறைக்குள் அனுப்பப்பட்ட காவலர் ஜான் ஸ்பார்ட்டன், 2032இல் சான் ஏஞ்சலஸ் என்னும் பெருநகரில் எழுப்பப்படுகிறார். அங்கே கொலை இல்லை; உப்பும் இறைச்சியும்கூட இல்லை. வசைச்சொல் வாயிலிருந்து விழுந்தால், சுவரிலுள்ள இயந்திரம் உடனே அபராதச் சீட்டை நீட்டும்.

"இதெல்லாம் வெறும் கற்பனை, சொல்லுக்கு எந்த நாட்டில் தண்டனை?" என்றார் ஒருவர். முதலில் தவிர்க்க வேண்டியது இந்த எண்ணம்தான். பொது இடத்தில் பிறர் முகம் சுளிக்க ஆபாசச் சொல் பேசுவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவின்படி நம் நாட்டிலும் குற்றமே. ஆனால் இங்கே ஒருவருக்கு அது தொல்லையாக இருந்திருக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் தம் தரப்பைச் சொல்ல ஒரு நீதிமன்றம் இருக்க வேண்டும். சான் ஏஞ்சலஸ் இயந்திரத்துக்குப் புண்பட்டவரும் வேண்டாம், நீதிபதியும் வேண்டாம். இணையவழியில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, அதன் சொற்கள் தெளிவற்றவை என்று கூறி உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கியதை நினைவில் கொண்டு பார்த்தால், அந்தக் காட்சிக்கு அவ்வளவு எளிதில் சிரிப்பு வராது.

அடுத்த தவறு, விதிக்குப் பணிவதையே ஒழுக்கம் என்று கொள்வது. உடலுக்கு ஆகாதது கெட்டது, கெட்டது சட்டவிரோதம் என்பதே அந்நகரின் தருக்கம். அதில் மனிதர் தாமே எண்ணித் தேர்ந்துகொள்ள ஏதும் மிஞ்சுவதில்லை. ஸ்பார்ட்டனோ அந்நகரில் கிடைக்காத கழிவறைக் காகிதத்துக்குப் பதிலாகப் பயன்படுத்த, இயந்திரத்தின் முன் நின்று வசைபாடிச் சீட்டுகளைச் சேகரிக்கிறார். என் அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில், குப்பையைப் பிரிக்காதவர்களுக்கு அபராதம் என்ற வரிக்கு நேர்கீழே, வீட்டுவேலைக்கு வருவோர் லிஃப்டில் ஏறக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒரே எழுத்தில், ஒரே முத்திரையோடு இருப்பதால், இரண்டுமே ஒழுங்கு என்று நம்பிவிடுகிறோம்.

வில்லன் சைமன் ஃபீனிக்ஸ் மட்டுமே என்பது மேலோட்டமான பார்வை. பசியோடு நிலத்தடியில் வாழ்வோரின் தலைவனான எட்கர் ஃப்ரெண்ட்லியைக் கொல்வதற்காகவே, ஸ்பார்ட்டனைப் போல உறைநிலையில் கிடந்த ஃபீனிக்ஸை விடுவிப்பவர், நகரை ஆளும் காக்டோ. வன்முறையே இல்லை என்று பெருமை கொள்ளும் ஆட்சி, தனக்கு வேண்டிய வன்முறையை மட்டும் வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்கிறது. அதற்காகப் படம் சட்டமின்மையைப் போற்றுகிறது என்று முடிவுகட்டுவதும் பிழை. இறுதியில் காவலரும் நிலத்தடி மக்களும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் ஸ்பார்ட்டன் சொல்கிறார்.

படம் எதை முன்கூட்டியே கணித்தது என்று பட்டியலிடுவது பொழுதுபோக்கு, அதை விட்டுவிடலாம். அதைவிட, ஸ்பார்ட்டன் ஏன் சிறை சென்றார் என்பதை மறப்பதே பெரிய குறை. ஃபீனிக்ஸ் பிடித்து வைத்திருந்த பணயக்கைதிகளின் சாவுக்கு ஸ்பார்ட்டனே காரணம் என்று தீர்ப்பாகிறது. அவர் நுழையும் முன்பே அவர்கள் இறந்திருந்தார்கள் என்பது ஃபீனிக்ஸ் வாயால் 2032இல்தான் தெரிகிறது. கோவலன் வழக்கில் சிலம்பை உடைத்துக் காட்டவாவது ஒருத்தி வந்தாள். இங்கே அந்தத் தீர்ப்பைத் திருத்த எந்த நீதிமன்றமும் கூடுவதில்லை.