மிரளும் விடைக்கோழியைக் கூட்டத்தோடு பழக்குதல்

புதிதாக வந்த விடைக்கோழியை, அதாவது இளம் பெட்டைக்கோழியை, நோய் ஏதும் இல்லை என்று தெளியும்வரை, 3 அல்லது 4 வாரங்கள் தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும். அதன்பின் பழைய கோழிகள் உலவும் இடத்திலேயே கம்பிவலைத் தடுப்பு அமைத்து, ஒன்றையொன்று பார்க்க முடிந்தாலும் கொத்த முடியாதபடி ஒரு வாரம் அங்கே விட்டால், பகை பெருமளவு தணிந்துவிடும்.

தடுப்பை நீக்கும் நாளில் தீவனத்தையும் தண்ணீரையும் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். மூத்த பெட்டைகள் முதலில் விரட்டுவது தீவனத் தட்டிலிருந்துதான். சுவரோரம் சாய்த்த பலகை நல்ல மறைவிடம், ஆனால் அதன் இருபுறமும் வெளியேற வழி இருக்க வேண்டும்.

தலையில் ஓரிரு கொத்து விழுவது இயல்பு; அதற்கெல்லாம் குறுக்கிட வேண்டாம். இரத்தம் கசிந்தால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள், ஏனெனில் சிவப்பைக் கண்டால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தத் தொடங்கும். ஒரே கோழி ஓயாமல் துரத்தினால், புதியதை விட்டுவிட்டு அந்த வம்புக்காரியைச் சில நாள் தனியே அடைப்பதே சரி.

அடையும் நேரத்தில் புதியதன் கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள்; அது தட்டையாக இருந்தால், விடைக்கோழிக்குத் தனியாகத் தீவனம் வைக்க வேண்டும்.