கை வலி இருக்கவங்களும் மணி கோக்கலாம், பாலிமர் க்ளே பண்ணலாம்

க்ளேயில கம்மல் பண்ணணும், சீட் பீட்ஸ்ங்கிற பொடி மணியில மாலை கோக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா கட்டைவிரல் மூட்டு விண்ணு விண்ணுன்னு வலிக்கேன்னு நெறைய அக்காமாரு விட்டுர்றாங்க, அவங்களுக்குத்தான் இத எழுதுறேன். விடாதீங்க. வேலைய நம்ம கைக்குத் தக்கன மாத்திக்கிடலாம்.

பாலிமர் க்ளேன்னா மண்ணு இல்ல, பிவிசி பிளாஸ்டிக்கும் அத இளக்கமா வைக்கிற பிளாஸ்டிசைசரும் சேந்தது, காத்துல காயாது, சூடு பட்டாத்தான் இறுகும். கை ஜாஸ்தி நோவுறது பிசையும்போதுதான். முழு கட்டிய விரலால அமுக்காதீங்க, பிளேடால மெல்லிசா சீவி ஜிப் கவர்ல போட்டு கொஞ்ச நேரம் மடியில வச்சிருங்க, ஒடம்பு சூட்டுலயே இளகிரும், பொறவு நின்னுக்கிட்டு எவர்சில்வர் டம்ளரால உள்ளங்கை பலத்துல உருட்டுங்க, மணிக்கட்டு மடங்கக் கூடாது. வெயில்ல மட்டும் வைக்காதீங்க, பாக்கெட்டுக்குள்ளயே பாதி வெந்துரும். சித்திரை மாசம் நாரோயில் சூட்டுக்கு க்ளே கையில ஒட்டும், அப்போ ரெண்டு வெள்ளப் பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமான புக்க வச்சா அதிகப்படியா இருக்க பிளாஸ்டிசைசர பேப்பர் இழுத்துக்கிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது கேன் முறை, அதாவது உள்ள டிசைன் ஓடுற மாதிரி க்ளேய தடியா சேத்து, அதத் துண்டு துண்டா சீவுறது. தோவாளை சந்தையில பாக்குற பிச்சிப்பூவயே எடுத்துக்கிடுங்க. வெள்ளையில அஞ்சாறு இதழ் நீட்டமா உருட்டி, நடுவுல மஞ்சக் க்ளேயக் கம்பி மாதிரி உருட்டி வச்சு, சுத்தி பச்சைய நெறச்சு ஒரே தடியா சேத்து, எல்லாப் பக்கமும் மெதுவா அமுக்கி நீட்டணும். அத ஃப்ரிட்ஜ்ல கொஞ்சம் வச்சு எடுத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் தடிய லேசா திருப்பித் திருப்பி சீவுங்க, இல்லன்னா ஒரு பக்கம் நசுங்கிரும். மொத துண்டு விழும்போது உள்ள இருந்து அந்தக் குட்டிப் பூ தெரியும் பாருங்க, ஹய்யோ, அந்த சந்தோசத்துக்காகவே இத செய்யலாம்! கைக்கும் இதுதான் கொள்ளாம், பாடு ஒரே தடவ, மணி எத்தனையோ. மணியா உருட்டுன ஒடனே வேகுறதுக்கு முன்னாடியே ஓட்ட போட்டுருங்க.

தரைக்குப் போட்டு மிஞ்சுன டைல் மேலயே வேல செஞ்சு, டைலோட ஓடிஜில, அதான் கரண்ட் அவன்ல வைங்க. பிராண்டுக்குத் தக்கன 110ல இருந்து 130 டிகிரி வரும், நேரமும் பாக்கெட்லயே போட்டிருக்கும், அதத் தாண்டாதீங்க. கருகுனா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், கண்ணும் மூக்கும் எரியும். ஜன்னலத் தெறந்து வைங்க, மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், க்ளேக்கு எடுத்த பாத்திரத்துல பொறவு சாப்பாடு வைக்கக் கூடாது.

இனி சீட் பீட்ஸ், அந்த மணியில நம்பர் கூடக்கூட சைஸ் கொறையும். 11 நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர்தான், அத இடுக்கிப் பிடிக்கிறதுலதான் விரல் போயிருது, அதனால 6ல இல்ல 8ல ஆரம்பிங்க. துண்டு விரிச்ச தட்டுல பரப்புனா மணி உருளாது, ஊசியாலயே குத்தி எடுக்கலாம். குளச்சல் பக்கம் மீன்பிடிக்கிற தங்கூசி (நைலான் நரம்பு) கெடைக்கும், அதுல மெல்லிசா வாங்குனா வெறப்பா நிக்கும், பெரிய மணிக்கு ஊசியே வேண்டாம். தட்ட ஒசத்தி வைங்க, கழுத்து குனியக் கூடாது. இருபது நிமிசத்துக்கு ஒருக்க எந்திரிச்சு தூரத்துல இருக்க தென்னமரத்தப் பாருங்க, கண்ணுக்கும் நல்லது.

ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போகுதுன்னா அது மணிக்கட்டுல நரம்பு அழுந்துறதா இருக்கலாம், தைலம் தேச்சிக்கிட்டு இருக்காம ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியிலயோ பக்கத்துலயோ காமிங்க.

கம்மல் கொக்கி மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குங்க, நம்ம கடக்காத்துக்கு மத்தது சீக்கிரம் கறுத்துரும்.